புதிய கேமரா பாடியா, கூடுதல் லென்ஸா? அளவான பட்ஜெட்டில் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லென்ஸ் நீங்கலான கேமரா உடலுக்கு, அதாவது பாடிக்கு, துணையாக வந்த கிட் லென்ஸில் சில காலம் படம் எடுத்துப் பழகியவருக்கு, கையில் ஓரளவு பணம் சேர்ந்ததும் எழும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: இந்தப் பணத்தைப் புதிய பாடியில் போடுவதா, இருக்கும் பாடியையே வைத்துக்கொண்டு லென்ஸ் வாங்குவதா? லென்ஸுக்குத்தான் முதலிடம் என்று அனுபவசாலிகள் பலரும் சொல்வார்கள். அது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் பதில்தான் என்றாலும், ஓடும் விலங்குகளையும் பறக்கும் பறவைகளையும் விளையாட்டையும் வீடியோவையும் முதன்மையாக எடுப்பவர்களில் பலருக்குப் பொருந்தாது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை விளம்பரமோ விமரிசனமோ சொல்லிவிட முடியாது. நீங்கள் எடுத்து, நினைத்தபடி வராமல் போன படங்கள் அதைத் தெளிவாகச் சொல்லும். எனவே இந்த வழிகாட்டி கடைக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, அந்தப் படங்களிலிருந்தே தொடங்குகிறது.

படி 1: தவறிப்போன படங்களைப் பிரித்துப் பாருங்கள்

கடந்த ஓராண்டில் ஆசையோடு எடுத்து, பிறகு கணினியில் பார்த்தபோது ஏமாற்றம் தந்த படங்களை ஒரு தனி ஃபோல்டரில் சேருங்கள். அழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இனி ஒரு மாதத்துக்கு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, குறை எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். மங்கலாக இருக்கிறது என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அறைக்குள் ஓடும் குழந்தையின் படத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கையும் முடியும் இழுபட்டதுபோல் இருக்க, பின்னால் உள்ள நாற்காலியின் விளிம்பு கூர்மையாக இருந்தால், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை என்று பொருள். ஷட்டர் வேகம் போதாமல் போனதற்குக் காரணம், லென்ஸ் வழியே வந்த ஒளி போதவில்லை என்பதே. குழந்தை, நாற்காலி, சுவர் எல்லாமே ஒரே திசையில் இரட்டித்துத் தெரிந்தால் அது கை நடுக்கம். நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸோ பாடியோ, அல்லது ஒரு முக்காலியோ அதைத் தீர்க்கும். சட்டைக் காலரின் நூல்வரை தெளிவாகத் தெரிந்து, கண் மட்டும் மென்மையாகக் கரைந்திருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. அசையாமல் உட்கார்ந்தவரிடமும் இது திரும்பத் திரும்ப நடந்தால், ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்; அமைப்பை மாற்றினாலே தீர்ந்துவிடக்கூடும். நகர்பவரிடம் மட்டும், தொடர் ஃபோகஸ் முறையை இயக்கிய பிறகும் நடந்தால், பாடியின் ஆட்டோஃபோகஸ் திறன் ஐயத்துக்குரியது.

படம் முழுதும் கூர்மையாக இருந்து, நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் நிறைந்திருந்தால், அந்தப் படத்தோடு கேமரா சேமித்து வைக்கும் எக்சிஃப் தகவலில், லென்ஸின் துளை எவ்வளவு திறந்தது என்று காட்டும் அபெர்ச்சர் எண்ணைப் (எண் சிறிதானால் துளை பெரிது) பாருங்கள். எஃப்/5.6 என்றிருந்தால் லென்ஸ் மாற்றத்தால் பெறக்கூடிய பலன் மிகப் பெரிது. ஏற்கெனவே எஃப்/1.8-இல் எடுத்தும் நாய்ஸ் என்றால், லென்ஸ் தரக்கூடியதைப் பெரும்பாலும் தந்துவிட்டது; இனி ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் பெரிதாக இருப்பதோ கூடுதல் வெளிச்சமோதான் உதவும். வானம் வெளுத்துப் போனது, முகத்தில் நிழல் விழுந்தது, பின்னணியில் குப்பையாகப் பொருள்கள் தெரிந்தது போன்ற குறைகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்குப் பாடியும் லென்ஸும் மருந்தாகா.

அடுத்து, எல்லாப் படங்களின் குவியத் தூரத்தையும் (லென்ஸ் காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்று மி.மீ.-இல் சொல்லும் எண்) தொகுத்துப் பாருங்கள். லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்களில் லென்ஸ், குவியத் தூரம் ஆகியவற்றின்படி படங்களை வடிகட்டும் வசதி உண்டு. எக்சிஃப்டூல் என்னும் இலவசக் கருவியும் இதைச் செய்யும். 18-55 மி.மீ. கிட் லென்ஸ் வைத்திருப்பவரின் படங்கள் 55-இல் குவிந்திருந்து, அவற்றில் பலவற்றைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கியும் இருந்தால், அவருக்குத் தேவை எட்டத்தில் உள்ளதை அருகில் காட்டும் டெலிஃபோட்டோ. 18-இல் குவிந்திருந்து, சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போன நினைவும் இருந்தால், அகன்ற காட்சியைக் காட்டும் வைடு லென்ஸ். ஓர் எச்சரிக்கை: ஜூம் வளையத்தை யோசிக்காமல் ஏதாவது ஒரு கோடிக்குத் திருப்பிவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. ஆகையால் வெறும் எண்ணிக்கையை நம்பாமல், உங்களுக்குப் பிடித்த படங்கள் எந்த எண்ணில் எடுக்கப்பட்டவை என்று தனியாகவும் பாருங்கள்.

படி 2: ஒளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பாடியையும் லென்ஸையும் ஒரே தராசில் வைக்க உதவுவது ஸ்டாப் கணக்கு. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது. எஃப்/5.6-இலிருந்து எஃப்/4-க்கு வந்தால் ஒரு ஸ்டாப், எஃப்/2.8-க்கு வந்தால் இரண்டு, எஃப்/2-க்கு வந்தால் மூன்று. வழக்கமான 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.-இல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதாவது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று மேல்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? மாலையில் அறை விளக்கின் கீழ் கிட் லென்ஸில் எஃப்/5.6, 1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு; கூட்டினால் நாய்ஸும் கூடும்) 6400 என்று எடுத்த படத்தை, எஃப்/1.8 லென்ஸில் 1/250 விநாடியில், ஐ.எஸ்.ஓ. 2500-இல் எடுக்கலாம். அசைவும் உறையும், நாய்ஸும் குறையும். ஒரே லென்ஸ் மாற்றத்தில் இரண்டும் கிடைக்கின்றன.

இப்போது பாடிப் பக்கம் வருவோம். ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய வகைச் சென்சாரின் அளவு பெரும்பாலான நிறுவனங்களில் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; கேனனில் இது சற்றுச் சிறிது. ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய வகைச் சென்சார் 36 × 24 மி.மீ. பரப்பளவில் இது சுமார் 2.3 மடங்கு. ஆகவே ஒரே காட்சிக் கோணத்தில், ஒரே எஃப் எண்ணில், ஒரே தலைமுறைச் சென்சார்களை ஒப்பிட்டால், ஃபுல் ஃபிரேமுக்கு மாறுவதால் கிடைக்கும் பலன் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான். ஒரே அளவுச் சென்சாரில் பழைய மாடலிலிருந்து அடுத்த மாடலுக்கு மாறுவதால் கிடைப்பது இதைவிடவும் குறைவாகவே இருக்கும்.

ஒரு பக்கம் மூன்று ஸ்டாப், மறுபக்கம் ஒரு ஸ்டாப். மூன்று ஸ்டாப் தரும் அந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ, பெரும்பாலான நிறுவனங்களில் மலிவான லென்ஸ்களின் வரிசையில் இருப்பது. ஒரு ஸ்டாப் தரும் ஃபுல் ஃபிரேம் பாடி பல மடங்கு விலை கூடியது. குறைந்த ஒளிதான் உங்கள் முதன்மைச் சிக்கல் என்று படி 1 காட்டியிருந்தால், இந்தக் கணக்குக்குப் பிறகும் பாடியை முதலில் வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு விலை மறைந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. ஏ.பி.எஸ்.-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் பகுதி ஆறேழு சென்டிமீட்டர்தான். முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரில் ஒருவர் மங்கிவிடுவார். உள்ளே மிரர் (ஒளியைத் திருப்பும் கண்ணாடி) உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகளில் ஃபோகஸை அளக்கும் சென்சார் தனியாக இருப்பதால், லென்ஸுக்கும் பாடிக்கும் இடையிலான சிறு பிசகு எஃப்/5.6-இல் கண்ணில் படாமல் இருந்து, எஃப்/1.8-இல் வெளிப்படும். படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸை அளக்கும் மிரர்லெஸ் பாடிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுத்துப் பார்த்து ஒப்பிட்டால் பிசகு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 3: லென்ஸ் என்றால் எந்த லென்ஸ்?

லென்ஸ் வாங்குவது என்று முடிவானால், பல லென்ஸ்கள் வேண்டாம், ஒன்று போதும். பணம் மிச்சம் என்று கிட் லென்ஸின் தரத்திலேயே இன்னும் இரண்டு மூன்று ஜூம்களை வாங்கிச் சேர்ப்பது, பையின் எடையைக் கூட்டுமே தவிரப் படத்தைக் கூட்டாது. ஒவ்வொரு லென்ஸும் இப்போது உங்களால் எடுக்கவே முடியாத ஒரு படத்தைச் சாத்தியமாக்க வேண்டும். அப்படி ஒரு படத்தைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாவிட்டால் அந்த லென்ஸ் இப்போதைக்குத் தேவையில்லை.

குறைந்த ஒளியும் மனிதர்களும் என்றால் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ். ஏ.பி.எஸ்.-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 அல்லது 80 மி.மீ. தரும் கோணத்தைத் தரும்; முகங்களுக்கு அழகான தூரம், ஆனால் சிறிய அறைக்குள் நெருக்கடி. அறைக்குள் குடும்பத்தினரை எடுப்பவருக்கு 35 மி.மீ. எஃப்/1.8 பெரும்பாலும் மேலான தேர்வு. எதை வாங்குவது என்ற குழப்பத்துக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் டேப் ஒட்டி நிறுத்திவிட்டு ஒரு வாரம் எடுங்கள், அடுத்த வாரம் 50-இல் நிறுத்தி எடுங்கள். எந்த வாரத்தில் டேப்பைப் பிய்க்கத் தோன்றவில்லையோ, அந்த எண்ணை வாங்குங்கள்.

எட்டத்தில் உள்ளவற்றுக்கு 55-250, 70-300 போன்ற எளிய டெலி ஜூம்கள் பகல் வெளிச்சத்தில் நம்பிக்கையாக வேலை செய்யும். இவற்றின் நீளக் கோடியில் அபெர்ச்சர் எஃப்/5.6 அல்லது 6.3 என்பதால், வெளிச்சம் சாயும்போது தடுமாறும். எஃப்/2.8 டெலி ஜூம்கள் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் ஃபுல் ஃபிரேமுக்கான 70-200 எஃப்/2.8 லென்ஸ்களில் பலவும் ஒன்றரை கிலோ அளவில் எடை கொண்டவை, விலையும் அதற்கேற்பவே. வாங்கும் முன் அந்த எடையைக் கழுத்தில் மாட்டி அரை நாள் நடக்கத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி, பூ, சிறு பொருள்கள் என்பவர்கள் மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் எக்ஸ்டென்ஷன் டியூபை முயன்று பார்க்கலாம். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம்தான் அது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் மிக அருகில் ஃபோகஸ் செய்ய முடிகிறது. ஆட்டோஃபோகஸ், அபெர்ச்சர் இணைப்புகளைக் கடத்தும் முனைகள் உள்ள டியூபையே வாங்குங்கள்.

நிலக்காட்சி எடுப்பவருக்கு ஒரு சொல்: முக்காலியில் வைத்து எஃப்/8-இல் எடுக்கும்போது கிட் லென்ஸின் தரம் அதன் பேருக்கு நேர்மாறாக இருக்கும். அவருக்கு நல்ல முக்காலிதான் அடுத்த லென்ஸ்.

படி 4: பாடியை மாற்ற வேண்டிய நிலைமைகள் எவை?

பாடி மாற்றத்துக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது ஆட்டோஃபோகஸ். கேனன் 2013-இல் 70டி பாடியில் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறை, சென்சாரிலேயே வேகமாக ஃபோகஸ் செய்வதை மாற்றுலென்ஸ் கேமராக்களில் பரவலாக்கியது. அதன் பிறகு வந்த மிரர்லெஸ் பாடிகள், கண்ணை அடையாளம் கண்டு, ஆள் திரும்பினாலும் நகர்ந்தாலும் விடாமல் தொடரும் திறனைப் பெற்றன; பிறகு விலங்கு, பறவை ஆகியவற்றின் கண்களுக்கும் அத்திறன் விரிந்தது. ஓடும் நாயை, பறக்கும் கொக்கை, பந்தை நோக்கிப் பாயும் வீரரை எடுப்பவருக்கு இது சிறு வசதி அல்ல. நூறு படம் எடுத்து ஐந்து தேறும் நிலைமையிலிருந்து பெரும்பகுதி தேறும் நிலைமைக்கு அவரைக் கொண்டுபோகக்கூடிய மாற்றம் இது. ஒன்பது அல்லது பதினொரு ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் குவிந்திருக்கும் பழைய தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர்.-இல் எவ்வளவு நல்ல லென்ஸைப் பொருத்தினாலும் அந்த இடைவெளி முழுதாக நிரம்பாது. உங்கள் ஃபோல்டரில் காலர் தெளிவு, கண் மங்கல் வகைப் படங்கள் அதிகமாக இருந்து, அவை எல்லாம் நகர்பவற்றின் படங்களாகவும் இருந்தால், பொதுவான அறிவுரையைப் புறந்தள்ளிவிட்டுப் பாடியை மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் வீடியோ. 4கே பதிவு, வீடியோவில் நம்பகமான ஃபோகஸ், மைக் செருகும் துளை, சூடேறி நின்றுவிடாமல் நீண்ட நேரம் ஓடும் திறன் ஆகிய எல்லாமே பாடியைச் சார்ந்தவை. மூன்றாவது, பணத்துக்காகப் பிறரின் நிகழ்ச்சிகளை எடுப்பது. திரும்ப நடக்காத நிகழ்ச்சியை எடுக்கும்போது, ஒரு கார்டு பழுதானாலும் படம் தப்பிக்க இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் பாடியும், ஒரு பாடி நின்றுவிட்டால் எடுக்க இன்னொரு பாடியும் வேண்டும். அங்கே இரண்டாவது பாடி ஆடம்பரமாகாது.

பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. ஐந்து ஸ்டாப் என்று குறிப்பிடப்படும் ஸ்டெபிலைசேஷன், உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுகட்டுகிறது. எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. அமைதியான உள்ளரங்கக் கட்டடக்கலையை முக்காலியின்றி எடுப்பவருக்கு அது பெரும் துணை. ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு அகன்ற அபெர்ச்சரே துணை.

மெகாபிக்சலுக்காகப் பாடியை மாற்றுவதைப் பொதுவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். 24 மெகாபிக்சல் என்பது 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது 20 அங்குல அகலம் வரும். 4கே திரையிலோ மொத்தமே சுமார் 8.3 மெகாபிக்சல்தான். 24-இலிருந்து 45 மெகாபிக்சலுக்குப் போனால் எண் ஏறக்குறைய இரட்டிப்பதுபோல் தெரிகிறது. ஆனால் அகலவாக்கில் கூடுவது 40 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கூடுதல் புள்ளிகளைக் கூர்மையாக நிரப்பும் லென்ஸ் இல்லாவிட்டால், மங்கலையே பெரிய கோப்பில் சேமித்து வைப்பீர்கள்.

படி 5: ஃபுல் ஃபிரேமுக்குத் தாவும் முன் முழுச் செலவைக் கூட்டுங்கள்

ஃபுல் ஃபிரேம் பாடியின் விலைச்சீட்டு முழுச் செலவைக் காட்டுவதில்லை. ஏ.பி.எஸ்.-சி-க்காக வடிவமைத்த லென்ஸ்கள் அந்தப் பெரிய சென்சார் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு ஒளி வட்டத்தை விழச்செய்வதில்லை. நிக்கான், சோனி ஃபுல் ஃபிரேம் பாடிகளில் அவற்றைப் பொருத்தலாம். பாடி தானாக நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், 24 மெகாபிக்சல் பாடியில் சுமார் 10 மெகாபிக்சல் மிஞ்சும். கேனனின் இ.எஃப்.-எஸ் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.-களில் பொருந்தவே பொருந்தா. ஆக, பாடியை மாற்றுகிறோம் என்று நினைத்துத் தொடங்கியது, லென்ஸ்களையும் மாற்றுவதில் போய் முடியும்.

இதில் வருந்தத்தக்க முடிவு ஒன்று அடிக்கடி நேர்கிறது. பணம் முழுவதையும் பாடியில் போட்டுவிட்டு, அதனோடு மலிவான, எஃப்/6.3 வரை இருளும் ஜூமை வாங்குகிறார்கள். ஏ.பி.எஸ்.-சி-யில் எஃப்/2.8 லென்ஸ் தரும் மொத்த ஒளியையும் பின்னணி மங்கலையும் ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய எஃப்/4 லென்ஸ் தருகிறது. எனவே எஃப்/6.3 ஜூமோடு ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவரை, சிறிய பாடியில் எஃப்/2.8 ஜூம் வைத்திருப்பவர் மங்கிய ஒளியில் எளிதில் முந்துவார். எந்தத் திட்டத்தையும் பாடி, லென்ஸ் என்ற ஜோடியாகவே ஒப்பிடுங்கள்.

பறவைப் படக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 400 மி.மீ. லென்ஸ் எட்டாத தூரத்தில் இருக்கும் பறவையின்மீது, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமைவிட 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி பாடிதான் அதிகப் புள்ளிகளைப் பதிக்கும். எட்டவில்லை என்பது குறையாக இருக்கும்போது பெரிய சென்சார் அதை மேலும் கூட்டும்.

படி 6: மவுண்ட்டின் எதிர்காலத்தைப் பாருங்கள்

பாடிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். லென்ஸைப் பாடியோடு இணைக்கும் மவுண்ட்கள் பல பத்தாண்டுகள் வாழும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் பிறந்தது, கேனனின் இ.எஃப். 1987-இல். இரண்டு நிறுவனங்களும் 2018-இல் மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேமுக்காகப் புதிய மவுண்ட்களுக்குச் சென்றுவிட்டன: நிக்கான் இசட், கேனன் ஆர்.எஃப். சோனியின் இ மவுண்ட் 2010 முதலும் ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் 2012 முதலும் தொடர்கின்றன. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்ட் 2008 முதல்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்த மாற்றத்தைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கேனனின் இ.எஃப்., இ.எஃப்.-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர்.எஃப். பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே இயங்குகின்றன. எனவே இன்று பழைய பாடிக்கு வாங்கும் லென்ஸ் நாளை புதிய பாடிக்கும் உதவும். நிக்கானில் கவனம் தேவை. எஃப்.டி.இசட் அடாப்டர் வழியாக, தனக்குள் மோட்டார் உள்ள லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் செய்யும். பாடியின் மோட்டாரை நம்பிய பழைய ஏ.எஃப்.-டி லென்ஸ்கள் செய்யா. இதே காரணத்தால் டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும் அந்த டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று டி5600 வைத்திருப்பவர் வாங்கிவிட்டால் ஏமாந்துபோவார். அவருக்கு 2011-இல் வந்த எஃப்/1.8ஜி தான் சரி.

முற்றுப்பெற்ற மவுண்ட் என்றால் கணக்கு மாறும். கேனன் 2012-இல் தொடங்கிய இ.எஃப்.-எம் மவுண்ட் இன்று உற்பத்தியில் இல்லை. அந்த லென்ஸ்களை அதே நிறுவனத்தின் ஆர்.எஃப். பாடிகளில் பொருத்தவும் வழியில்லை; இ.எஃப்.-எம் லென்ஸ் சென்சாரிலிருந்து 18 மி.மீ. தூரத்தில் அமர வேண்டும், ஆர்.எஃப். பாடியிலோ மவுண்ட்டே 20 மி.மீ. தள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட பாடி வைத்திருப்பவர் மலிவான ஒரே ஒரு பிரைம் லென்ஸோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை அடுத்த மவுண்ட்டுக்குச் சேர்ப்பது நல்லது.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக இருந்தால், பாடியின் மதிப்பீடுகளைப் படிக்கும் முன், உங்களுக்குத் தேவைப்படும் இரண்டு மூன்று லென்ஸ்கள் அந்த மவுண்ட்டில் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பாருங்கள். சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவனங்களின் லென்ஸ்கள் ஏராளமாக இருக்கும் மவுண்ட்டில், அளவான பட்ஜெட் நீண்ட தூரம் போகும்.

படி 7: தொகையைப் பிரிக்கும் முன் சிறு பொருள்களை ஒதுக்குங்கள்

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது பாடிக்கும் லென்ஸுக்கும் வெளியே ஒதுக்கிவிடுங்கள். உபரி பேட்டரி, நம்பகமான மெமரி கார்டு ஆகியவற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது ஃப்ளாஷ். தலையைத் திருப்பக்கூடிய ஒரு ஃப்ளாஷை வாங்கி, வெளிர்நிறக் கூரையை நோக்கித் திருப்பி எடுத்தால், அறை முழுதும் மென்மையாக வெளிச்சம் பரவும். ஐ.எஸ்.ஓ. 6400 தேவைப்பட்ட இடத்தில் 800 போதுமாகும். அபெர்ச்சரையும் எஃப்/4-க்கு மூடிக் குழுவில் எல்லோரையும் தெளிவாகப் பெறலாம். ஃப்ளாஷ் போட அனுமதி உள்ள இடங்களில் இது பாடி, லென்ஸ் இரண்டையும்விடச் சிக்கனமான தீர்வு.

இன்னும் ஜே.பெக்கில் எடுப்பவர்கள் ஒரு மாதம், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்துப் பாருங்கள். வெளுத்த வானத்தையும் இருண்ட நிழலையும் ஓரளவு மீட்கலாம். நாய்ஸ் நீக்கும் இன்றைய மென்பொருள்கள், பழைய சென்சார்களில் உயர் ஐ.எஸ்.ஓ.-இல் எடுத்த ரா கோப்புகளையும் வியக்கத்தக்க அளவுக்குத் தூய்மையாக்குகின்றன. நாய்ஸுக்காகவே பாடியை மாற்ற நினைத்தவர் இந்த மாதத்துக்குப் பிறகு மனத்தை மாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

படி 8: வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்

பட்டியலில் கடைசியாக நிற்கும் பாடியையும் லென்ஸையும் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கோ நண்பரிடம் இரவலாகவோ பெற்று, இரண்டு முறை ஒரே காட்சியை எடுங்கள்: ஒரு முறை உங்கள் பழைய பாடியில் புதிய லென்ஸ், மறுமுறை புதிய பாடியில் உங்கள் பழைய லென்ஸ். படி 1-இல் உங்களைத் தோற்கடித்த அதே வகைக் காட்சியாக அது இருக்கட்டும். வெயிலில் பூந்தொட்டியை எடுத்து ஒப்பிட்டால் எல்லாக் கேமராவும் நல்ல கேமராவே.

படி 9: பயன்படுத்திய பொருளை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

புதிய மாடல் வந்தவுடன் பழைய பாடியின் மதிப்பு வேகமாகச் சரியும். நல்ல லென்ஸின் மதிப்பு மெதுவாகவே இறங்கும். இதனால் வாங்குபவருக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஒன்று, பாடி வேண்டும் என்று முடிவெடுத்தவர் ஒரு தலைமுறை பின்தங்கிய பாடியைப் பயன்படுத்திய நிலையில் வாங்கி, மிச்சத்தை லென்ஸில் போடலாம். பட்ஜெட் இறுக்கமாக உள்ளவர்களுக்கு நான் பெரிதும் பரிந்துரைப்பது இந்த வழியையே. மற்றொன்று, பயன்படுத்திய லென்ஸை வாங்கி, பிடிக்காவிட்டால் பெரிய இழப்பின்றி விற்றுவிடலாம்.

லென்ஸைச் சோதிக்க ஒரு கைபேசி டார்ச் போதும். இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையிலிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, மறுமுனை வழியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசித் துகள்கள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். படத்தில் அவை தெரியமாட்டா. சிலந்தி நூல்போல் கிளை விரியும் வெள்ளை இழைகள் பூஞ்சை. புகை படிந்ததுபோல் ஒளிக்கற்றை பரவினால் அது ஹேஸ். எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் படம் வெளிறிப்போகும். இரண்டில் எது இருந்தாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இதழ்களை மந்தமாக்கி வெளிச்ச அளவைப் பிசகச் செய்யும்.

பிறகு உங்கள் பாடியில் பொருத்தி, ஒரு செங்கற்சுவரையோ செய்தித்தாளின் விரித்த பக்கத்தையோ நேராக நின்று, முழுதாகத் திறந்த அபெர்ச்சரில் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால், நேராக நின்று மீண்டும் ஒருமுறை எடுத்து உறுதிசெய்யுங்கள்; அதே பக்கமே கரைந்தால், உள்ளே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது.

பாடியில், ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். தொடக்கநிலைப் பாடிகளின் ஷட்டர் 1,00,000 முறை அளவுக்கும், உயர்நிலைப் பாடிகளின் ஷட்டர் அதற்கு மேலும் சோதிக்கப்படுவது வழக்கம். சென்சாரைப் பார்க்க, எஃப்/16-இல் ஒரு வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். கீறல்போல் கோடு தெரிந்தால் வாங்க வேண்டாம். மவுண்ட் வளையம், பேட்டரி மூடி, கார்டு துளையின் ஊசிகள், ஒவ்வொரு பொத்தான், ஒவ்வொரு டயல் எனப் பொறுமையாகத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்தப் பேரத்தை விட்டுவிடலாம்.

வாங்கியது புதியதோ பழையதோ, திருப்பித் தரக்கூடிய காலம் முடிவதற்குள், பழைய ஃபோல்டரில் இருக்கும் காட்சிகளைப் போன்றவற்றை அதே வெளிச்சத்தில் எடுங்கள். எஃப்/1.8-இல் பத்து முகங்களை எடுத்தால் எத்தனையில் கண் தெளிவாக விழுந்திருக்கிறது, 1/250 விநாடியில் கை உறைந்திருக்கிறதா, நிழலில் நாய்ஸ் எவ்வளவு என்று பழைய படத்தின் பக்கத்தில் வைத்து 100 சதவீத அளவில் பாருங்கள். முன்பு பட்ட குறை அப்படியே இருந்தால், கெடு முடியும் முன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படி 1-இல் அந்தப் படங்களுக்கு நீங்கள் கண்ட காரணத்தை மறுபடியும் சரிபாருங்கள்.